விலை ஏறிய கைக்கடிகாரத்தை விற்பதா, வைத்துக்கொள்வதா: முடிவுக்கு வரும் முறை

தூத்துக்குடியில் இருந்த என் தாய்மாமா சரக்குக் கப்பல்களில் பொறியாளராக வேலை பார்த்தவர். 1974இல் கப்பல் சிங்கப்பூரில் நின்றிருந்தபோது ரோலெக்ஸ் ஜி.எம்.டி. மாஸ்டர் ஒன்றை வாங்கினார். அதன் மாடல் எண் 1675. நீலமும் சிவப்புமான வெளிவளையம் கொண்ட அந்த மாடலை ரோலெக்ஸ் 1959 முதல் 1980 வரை தயாரித்தது. விமானிகளும் கடலோடிகளும் இரண்டு ஊர்களின் நேரத்தைச் சேர்த்துப் பார்ப்பதற்கான வேலைக் கருவியாகத்தான் அது அன்று விற்கப்பட்டது. மாமா காலமான பிறகு, அது இன்று பல லட்சம் பெறும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போக, அத்தை என்னைக் கூப்பிட்டு, "வித்துரவா, வச்சிக்கிடவா? நீயே ஒரு வழி சொல்லு" என்றார். பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில் கற்றதைப் புதியவர்களுக்கு உதவும் வரிசையில் தருகிறேன். நாங்கள் செய்த வரிசை இதைவிடக் குழப்பமானது.

படி 1: எதையும் தொடாதீர்கள்

பழைய கடிகாரத்தைப் பார்த்தவுடன் துடைத்து, பாலிஷ் போட்டு, புதிதுபோல ஆக்கிவிட வேண்டும் என்றுதான் கை பரபரக்கும். வீட்டையோ காரையோ விற்பதற்கு அது சரியான யோசனை. சேகரிப்பாளர் தேடும் கடிகாரத்துக்கு அதுவே பெரிய கேடு. பாலிஷ் செய்யும்போது உலோகம் தேய்கிறது, கேஸின் (கடிகாரத்தின் உலோகக் கூடு) கூரான விளிம்புகள் மழுங்குகின்றன, போன உலோகம் திரும்பி வருவதில்லை. டயலும் அப்படியே. அந்தக் காலத்து டயல்களில் இருட்டில் ஒளிர்வதற்காக டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு இருந்தது. அது ஆண்டுகள் செல்லச் செல்ல ஒளியை இழந்து, பால் நிறத்திலிருந்து சந்தன நிறத்துக்கு மாறும். நமக்கு அழுக்காகத் தெரியும் அந்த நிறத்துக்குத்தான் சேகரிப்பாளர் பணம் கொடுக்கிறார்.

இதை நாங்கள் இழப்பின் வழியாகவே தெரிந்துகொண்டோம். தொண்ணூறுகளில் மாமா கடிகாரத்தைச் சர்வீசுக்குக் கொடுத்தபோது, ஒரு கடையில் கேட்காமலேயே டயலையும் முட்களையும் புதிதாக மாற்றிவிட்டார்கள். பொறியாளர் புத்தியால் மாமா கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி, ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அந்த டப்பா பீரோவின் அடித்தட்டில் கிடைத்த நாளில்தான் எங்கள் கணக்கு மாறியது. ஆகவே சர்வீஸ் செய்தே ஆக வேண்டும் என்றால், 'பாலிஷ் வேண்டாம், டயல், முள், வெளிவளையம் எதையும் மாற்ற வேண்டாம், கழற்றிய எதையும் எறிய வேண்டாம்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

படி 2: கையில் இருப்பது எது என்று உறுதி செய்யுங்கள்

பழைய ரோலெக்ஸ் கடிகாரங்களில் பட்டையைக் கழற்றினால், 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும் 6 மணிப் பக்கம் வரிசை எண்ணும் கேஸில் பொறிக்கப்பட்டிருக்கும். வரிசை எண்ணைக் கொண்டு தயாரான ஆண்டை ஏறத்தாழக் கணிக்கலாம். பட்டையைக் கழற்றும் வேலையை நீங்களே பேனாக்கத்தியால் செய்து கேஸில் கீறல் போட்டுவிடாமல், தெரிந்த கடிகாரக்காரரிடம் கொடுத்து எதிரிலேயே உட்கார்ந்து பாருங்கள்.

போலி என்பது மட்டுமே பயம் அல்ல. எல்லாப் பாகமும் அசல், ஆனால் வெவ்வேறு கடிகாரங்களின் பாகம் என்ற நிலையும் உண்டு. 1957ஆம் ஆண்டு மாடலான ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. அதை வாங்கியதே ஒமேகா நிறுவனம்தான். பல இடத்துப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கடிகாரம் அது என்று 2023இல் அந்த நிறுவனமே அறிவித்தது. தயாரித்தவர்களே ஏமாறக்கூடிய பொருளில், ஒரே ஒருவரின் பார்வையை நம்பி நாம் முடிவெடுக்கக்கூடாது. உங்களிடமிருந்து வாங்கப்போகாத ஒருவரிடம் கட்டணம் கொடுத்து எழுத்தில் கருத்து கேளுங்கள். வாங்க நினைப்பவர் சொல்லும் மதிப்பீட்டில் அவருடைய லாபமும் சேர்ந்தே இருக்கும்.

பிறகு வீட்டைத் துழாவுங்கள். பெட்டி, ரசீது, உத்தரவாதச் சீட்டு, பட்டையிலிருந்து எடுத்த கண்ணிகள், அந்தக் கடிகாரத்தைக் கட்டியிருக்கும் பழைய புகைப்படம் என எல்லாமே கணக்கில் சேரும். அமெரிக்க விமானப்படையில் இருந்த ஒருவர் 1974இல் 345 டாலர் 97 சென்டுக்கு ஆர்டர் செய்த ரோலெக்ஸ் டேடோனாவை, கட்டாமலேயே வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தார். 2020இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிபுணர் மதிப்பைச் சொல்லத் தொடங்கியபோதே மனிதர் தரையில் மல்லாந்துவிட்டார்; நிபுணர் முடிவாகச் சொன்னது 5 லட்சம் முதல் 7 லட்சம் டாலர் வரை. அதே மாடலின் கட்டித் தேய்ந்த கடிகாரங்கள் அந்த விலையை நெருங்குவதில்லை. கட்டாமல் கிடந்த நிலையும் சிதறாமல் இருந்த காகிதங்களும் சேர்ந்துதான் அந்த எண்ணைக் கொடுத்தன.

படி 3: கேட்கும் விலையையும் விற்ற விலையையும் பிரித்துப் பாருங்கள்

இணையத்தில் உங்கள் மாடலைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது விற்பவர்கள் கேட்கும் விலை. அது ஆசை, யாரும் இன்னும் கொடுத்த பணம் அல்ல. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுகள் நம்பத்தக்கவை என்றாலும், அவற்றிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனதாக உலகமே பேசியது. ஏலம் முடிந்ததற்கு அடையாளமாகச் சுத்தியல் விழுந்தது 1 கோடியே 55 லட்சத்தில். மீதி, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தனியாகக் கொடுக்கும் கட்டணம். விலை குறைந்த கடிகாரங்களில் இந்தக் கட்டணம் சுத்தியல் விலையின் கால் பங்கை ஒட்டி வரும். வெளியிடப்படும் தொகையில் இதுவும் சேர்ந்திருப்பதால், ஏல முடிவைப் பார்த்து 'எனக்கு இவ்வளவு வரும்' என்று கணக்குப் போடுவது தவறு.

படி 4: கைக்கு வந்து சேரும் தொகையைக் கணக்கிடுங்கள்

கணக்கு எளிதாக இருப்பதற்காக எங்களுடைய எண்களை முழுமையாக்கித் தருகிறேன். இணையத்தில் இதே நிலையிலுள்ள கடிகாரத்துக்குக் கேட்ட விலை 15 லட்சம் ரூபாய். உண்மையில் விற்கக்கூடியதாகத் தெரிந்த விலை 13 லட்சம். பழைய கடிகார வியாபாரி ஒருவர் உடனே எடுத்துக்கொள்வதாகச் சொன்னது 10 லட்சத்து 50 ஆயிரம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கடை வாடகையும், விற்காமல் தேங்கும் ஆபத்தும் அவருடையவை. இன்னொருவர் கமிஷன் அடிப்படையில் விற்றுத் தருவதாகச் சொன்னார். 10 சதவீதம் அவருக்குப் போக, சர்வீசும் காப்பீட்டுடன் அனுப்பும் செலவுமாக 30 ஆயிரம் கழித்தால் எங்களுக்கு மிஞ்சுவது 11 லட்சத்து 40 ஆயிரம். அன்றிலிருந்து 15 லட்சம் என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

வரியை ஆடிட்டரிடம் விடுங்கள். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள். சொந்த உபயோகப் பொருளை நம் வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகக் கொள்வதில்லை. நகைக்கு அந்த விலக்கு இல்லை. அதனால் எஃகுக் கடிகாரத்துக்கு வரும் பதில் தங்கக் கடிகாரத்துக்கும் வைரம் பதித்ததற்கும் வராமல் போகலாம். ரொக்கம் பற்றி மட்டும் ஐயமே வேண்டாம். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது. அதே அளவு தொகை அபராதமாக விழுவது வாங்கியவர் தலையில்.

படி 5: வைத்திருப்பதற்கு என்ன கொடுக்கிறீர்கள்?

முடிவு உண்மையில் இங்கேதான் இருக்கிறது. விற்பதற்குத்தான் காரணம் வேண்டும், வைத்திருப்பதற்கு ஒன்றும் வேண்டாம் என்று நாம் நினைக்கிறோம். 11 லட்சத்து 40 ஆயிரத்தை வங்கியில் போட்டு, வட்டி 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 74,100 ரூபாய் வருகிறது. நாளுக்கு ஏறத்தாழ 203 ரூபாய். கடிகாரத்தை விற்காமல் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த 203 ரூபாயை நாம் அதற்கு வாடகையாகக் கொடுக்கிறோம். மாமா கட்டியிருந்த காலத்தில் இந்த வாடகை ஒரு பொருட்டே இல்லை. விலை ஏறியபோது நமக்குத் தெரியாமல் வாடகையும் ஏறிவிட்டது.

இனி அந்த வாடகைக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். வாரம் இரண்டு முறை கட்டி, கட்டும்போதெல்லாம் அப்பாவை நினைத்துக்கொள்ளும் ஒருவருக்கு அது மலிவு. கோவில் திருவிழாவுக்குப் போகும்போதுகூடத் திருட்டுப் பயத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவருக்கு அது வீண். லாக்கரிலேயே கிடக்கும் என்றால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, தீ, திருட்டு போன்றவற்றால் லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கோடு நின்றுவிடும். 3,000 ரூபாய் லாக்கர் என்றால் 3 லட்சம். மீதி 8 லட்சத்து 40 ஆயிரத்துக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். அதுவும் வாடகையில் சேரும்.

படி 6: 'இன்னும் ஏறுமே' என்ற குரலுக்கு

சுவிஸ் கடிகார நிறுவனமான படெக் ஃபிலிப், நாட்டிலஸ் வரிசையின் 5711 மாடலை 2006இல் கொண்டுவந்து 2021இல் நிறுத்துவதாக அறிவித்தது. கடை விலையைப்போலப் பல மடங்கு கொடுக்க ஆட்கள் நின்றார்கள். அந்த டிசம்பரில், அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனிக்காக 170 மட்டுமே செய்யப்பட்ட நீலப்பச்சை டயல் கொண்ட ஒன்று நியூயார்க் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. 2022இன் தொடக்கத்தில் சாதாரண 5711இன் விலை உச்சம் தொட்டு, பிறகு சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்களும் 'இன்னும் ஏறும்' என்றுதான் வாங்கினார்கள். மறுபக்கம், 1960களில் கடைகளில் சீந்துவாரின்றிக் கிடந்த ஒருவகை டேடோனா டயல்கள்தான் பின்னாளில் நியூமன் பெயரால் உச்ச விலைக்குப் போயின. அதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏறுமா இறங்குமா என்ற கேள்வியை முடிவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. தங்கத்திலாவது பாதியை விற்றுப் பாதியை வைத்துக்கொள்ளலாம்; கடிகாரத்தில் அந்த வசதியும் இல்லை.

படி 7: பங்காளிகளைக் கூட்டிப் பேசுங்கள்

எண்ணில் ஏழாவது என்றாலும் இதை முதலிலேயே செய்துவிடுங்கள். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் தாய் ஆகியோருக்குச் சமபங்கு உண்டு. கையில் கட்டியிருப்பதால் மட்டும் அது மூத்த மகனுடையது ஆகிவிடாது. எங்கள் விஷயத்தில் அத்தை, மகன்கள் இருவர், மகள் என நான்கு பங்கு. விலை தெரிந்த பிறகு பேச்சைத் தொடங்கியதால், முதல் இரண்டு வாரம் கடிகாரத்தைத் தவிர மற்ற எல்லாப் பழைய கதைகளும் பேசப்பட்டன.

படி 8: மூன்றாவது வழியையும் பாருங்கள்

விற்பது, வைத்துக்கொள்வது என்ற இரண்டுக்கும் நடுவே குடும்பத்துக்குள் விற்பது என்று ஒன்று உண்டு. யாரும் அதை முதலில் யோசிப்பதில்லை. நான்கு பேரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: "நாளுக்கு 203 ரூபாய் கொடுத்து இதைக் கட்டிக்கொள்ள யாருக்கு விருப்பம்?" மகன்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

விலையாக 15 லட்சத்தையோ 13 லட்சத்தையோ வைக்காமல், வெளியில் விற்றால் கைக்கு வரும் 11 லட்சத்து 40 ஆயிரத்தையே வைத்தோம். மற்ற மூவருக்கும் எந்த இழப்பும் இல்லை. அவருடைய பங்கைக் கழித்து மற்றவர்களுக்கு ஆளுக்கு 2 லட்சத்து 85 ஆயிரம். வரிசை எண்ணையும் டப்பாவிலிருந்த பாகங்களையும் குறிப்பிட்டு ஒப்பந்தம் எழுதி, நால்வரும் கையெழுத்திட்டு, பணம் மூன்று கணக்குகளுக்கும் வங்கி வழியாகப் போய்ச் சேர்ந்த பிறகே கடிகாரம் கைமாறியது. சொந்தத்துக்குள் இவ்வளவு காகிதம் எதற்கு என்று அத்தை முணுமுணுத்தார். பிறகு அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். பழைய டயலையும் முட்களையும் திரும்பப் பொருத்த, பாகங்களை மாற்றிய அந்தக் கடைக்குப் போகாமல், கழற்றுவதை எதிரிலேயே உட்கார்ந்து பார்க்க விடும் ஒரு கடிகாரக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.