கணக்குக் கோப்பை வாசிக்கும்போது வரியின் கடைசி எழுத்தைப் பாருங்கள்
கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி அறை. மாணவர்களின் பயனர் கணக்குகளை விண்டோஸ் கணினியில் தட்டச்சு செய்து, பென்டிரைவில் கொண்டுவந்து உபுண்டு என்ற லினக்ஸ் கணினியில் ஏற்றினோம். ஒரு வரிக்கு ஒரு ஆள்: பெயர், எண், வகை, இடையில் முக்காற்புள்ளி. ஒரு பிள்ளையும் உள்நுழைய முடியவில்லை. திரையில் பார்த்தால் எல்லாம் சரி. "மாணவர்" என்ற கடைசிப் புலத்தின் நீளத்தைப் பைத்தன் நிரல் மொழியில் கேட்டபோதுதான் பிடிபட்டது: 6 வரவேண்டிய இடத்தில் 7! (மா, ர் ஆகியவற்றைப் பைத்தன் இரண்டிரண்டாக எண்ணும், அதனால்தான் 6.)

கூடுதலாக ஒட்டியிருந்தது கண்ணுக்குத் தெரியாத 13ஆம் எண் குறி. விண்டோஸ் வரி முடிவில் 13, 10 என இரண்டு குறிகளை வைக்கும். லினக்ஸுக்கும் இன்றைய மேக் கணினிக்கும் 10 மட்டும். எங்கள் நிரல் பைட்டுகளாக வாசித்து 10இல் வெட்டியதால் 13 தங்கிவிட்டது.

பைத்தன் 3இல் கோப்பை உரையாகவே திறவுங்கள், 13, 10 இரண்டையும் அதுவே ஒரே 10 ஆக்கித் தரும். சி மொழியில் எழுதுகிறவர்கள் முதலில் 10ஐயும் பிறகு 13ஐயும் தாங்களே நீக்க வேண்டும்; ஷெல் என்ற கட்டளைவரியில் read கட்டளை 10ஐ நீக்கிவிடும், 13ஐத் தாங்களே நீக்க வேண்டும். அந்த இரண்டை மட்டும். வெற்றிடம் முழுவதையும் துடைத்தால், கடைசிப் புலம் கடவுச்சொல்லாக இருக்கும் கோப்பில் அதன் கடைசி இடைவெளியும் போய்விடும்.

முதல் வரியின் ஆள் மட்டும் அகப்படவில்லையா? கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் இருக்கிறதா பாருங்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் குறிமுறையான யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது சில விண்டோஸ் செயலிகள் அவற்றைச் சேர்த்துவிடும். தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பென்றால் குறிமுறையையும் நீங்களே சொல்லித் திறவுங்கள்.