மவுண்ட் ரோட்டுப் பழைய கடைக் கட்டடத்தின் கதையைத் தோண்டி எடுப்பது எப்படி?

கடை வாசலில் பெரிதாகப் போட்டிருக்கும் வருடத்தை நம்பி முதலிலேயே இறங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அது கம்பெனி தொடங்கிய வருடம்தான். ஹிக்கின்பாதம்ஸ் கடை ஆரம்பித்தது 1844-இல், இன்று அண்ணா சாலையில் நிற்கும் அதன் கட்டடமோ 1904-ஐச் சேர்ந்தது. கணக்குப் பார்த்தால் விக்டோரியா ராணி 1901-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனாலும் ஊரார் அதை விக்டோரியன் கட்டடம் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். மனைக்கு ஒரு ஜாதகம், கட்டடத்துக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. மூன்றையும் நோட்டில் தனித்தனியாக எழுதிக்கொண்டே வாருங்கள்.

மனையில் தொடங்குவது நல்லது. கதவு எண்ணை வைத்துத் தேடினால் பழைய எண், புதிய எண் என்று தலை சுற்றும், அதனால் டவுன் சர்வேயில் மனைக்குக் கொடுத்த டி.எஸ். எண்ணையும் பிளாக் எண்ணையும் பிடியுங்கள். வில்லங்கச் சான்று ஆன்லைனில் ஓரளவு பழைய வருடம் வரைதான் கிடைக்கும், அதற்கு முந்தையதற்கு சப் ரிஜிஸ்திரார் ஆபீஸில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். கட்டட ஓனர் மனசு வைத்து மூலப் பத்திரத்தைக் காட்டினால் விலையைப் பார்த்து வாயைப் பிளப்பதோடு நிறுத்தாமல், சக்குபந்தி, அதாவது மனையின் நான்கு எல்லைகள், எழுதியிருக்கும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். வடக்கே இன்னார் கடை, கிழக்கே இன்ன தெரு என்று இருக்கும். உங்கள் கட்டடத்தைப் பற்றி எங்கும் ஒரு வரிகூட இல்லாமல் போனாலும், பக்கத்து மனைக்காரரின் பத்திரத்தில் அது எல்லையாக உட்கார்ந்திருக்கும்.

அடுத்த தொல்லை பெயர். பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் தேடினால் 1934-க்கு முன்னால் ஒன்றும் சிக்காது, ஏனென்றால் அந்த வருடம்தான் பாரத் கம்பெனி அதை வாங்கியது. 1897-இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காக ஜே. எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்துக் கொடுத்தபோது அதன் பெயர் கார்டில் பில்டிங். பிறகு எல்ஐசி கைக்குப் போய், 2006-இல் இடிக்கத் தொடங்கி, வழக்கு ஹைகோர்ட் வரை போய்த்தான் கட்டடம் தப்பியது. அந்த வழக்குத் தாள்களே ஒரு வரலாற்று மூலம், அதுபோல உங்கள் கட்டடத்தின் மீதும் ஏதாவது வழக்கு உண்டா என்று பாருங்கள். தெருப் பெயரும் இதே கதைதான்: பிரகாசம் சாலைக்குப் பிராட்வே என்றும், 1906-க்கு முந்தைய ஜார்ஜ் டவுனுக்கு பிளாக் டவுன் என்றும் தேட வேண்டும்.

பெயர்கள் கையில் வந்ததும் எழும்பூர் போங்கள். தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் அங்கேதான். அடையாள அட்டையோடு, என்ன தேடுகிறீர்கள் என்று ஒரு கடிதமும் கொண்டுபோனால் வேலை சுலபம். அசைலம் பிரஸ் ஆல்மனாக் என்று மெட்ராஸில் வருடா வருடம் வந்த டைரக்டரியைக் கேளுங்கள். எந்தக் கடை எந்த முகவரியில் என்று அதில் பார்க்கலாம். ஐந்தைந்து வருடமாகத் தாவி, பெயர் மாறிய இடம் வந்ததும் நடுவில் உள்ள வருடங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். இல்லாவிட்டால் தூசியிலேயே பொழுது போய்விடும்.

அப்புறம் கட்டடத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்தரத்துக்கு மேலே சின்னச் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணிக் கூரை. இரும்பு உத்தரமாக இருந்தால் பெயின்ட்டுக்கு அடியில் தயாரித்த கம்பெனியின் பெயர் புடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தடவிப் பாருங்கள். ஓட்டில் 'பாசல் மிஷன் 1865' என்று முத்திரை இருந்தால் உடனே துள்ளாதீர்கள்: 1865 என்பது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம், பல ஆண்டுகள் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே முத்திரைதான். நான் பார்த்தவரை இந்த ஒரு ஓட்டை வைத்தே கட்டடத்துக்கு வயது சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கடைசியாகப் பழைய தபால் அட்டைகளும் போட்டோக்களும். தேதி இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். தெருவில் டிராம் ஓடினால் அந்தப் படம் 1895-க்கும் 1953-க்கும் இடைப்பட்டது. பெயர்ப் பலகையைப் பெரிதுபடுத்திப் படித்து ஆல்மனாக்கில் எழுதி வைத்த வருடங்களோடு பொருத்திப் பார்த்தால் பெரும்பாலும் பத்து வருடத்துக்குள் அடக்கிவிடலாம்.