ஊர்ப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசுவது எப்படி

தர்மபுரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நர்சம்மாதான். 14 வயது முதல் 19 வயது வரையுள்ள பெண்களையும் பையன்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து நட்பு, காதல், கோபம், போன், கல்யாணம் என்று எல்லாவற்றையும் பேச வைக்கிற பயிலரங்குகளை ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துகிறேன். உங்கள் ஊரிலும் ஒன்று தொடங்க நினைத்தால் நான் செய்கிற விதம் இதுதான்.

முதலில் இடம். கோயில் மண்டபம், சாதிச் சங்கக் கட்டடம், ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணை எதுவும் வேண்டாம். காலனியில் இருக்கிற தலித் பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடுவார்கள், இல்லையென்றால் வரவே மாட்டார்கள். அரசுப் பள்ளி வகுப்பறை, ஊராட்சி நூலகம் இந்த இரண்டும்தான் எனக்குச் சரிப்பட்டு வந்தன. எங்கள் மாவட்டத்தில் 2012 நவம்பரில் நத்தம் காலனியும் பக்கத்துக் குடியிருப்புகளும் எரிக்கப்பட்டது, சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணம் காட்டித்தான். இங்கே காதலைப் பற்றி வாயெடுத்தால் சாதியும் கூடவே வரும். அதை ஒதுக்கிவைத்துவிட்டு நல்ல உறவைப் பற்றிப் பாடம் நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் கலந்து உட்காருவதுதான் முதல் வேலை.

அடுத்தது அம்மாக்கள். பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு முன்னால் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். என்ன பேசப் போகிறோம் என்பதை மறைக்காதீர்கள். "பொண்ணு யாரோட பேசணும், எப்படிப் பேசணும், ஒருத்தன் தொந்தரவு பண்ணா என்ன செய்யணும், பையன் எப்படி மரியாதையா நடந்துக்கணும், இதெல்லாம்தான்" என்று நான் நேராகச் சொல்வேன். "நர்சம்மா, இதையெல்லாம் பேசினா பிள்ளைங்க கெட்டுப் போயிடாதா?" என்று ஒருவராவது கேட்பார். போன் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது, நாமும் பேசலாம் என்பதுதான் என் பதில். காலை 10 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடித்துவிடுங்கள். வெளிச்சத்தில் வீடு திரும்ப முடியாவிட்டால் பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். நடுவில் சுண்டல், டீ போதும்.

முதல் நாளே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது வெளியே போகாது. ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால் அதை நான் புகார் செய்தே ஆக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இதைச் சொல்லாமல் பிள்ளைகளை மனம் திறக்க வைத்துவிட்டு அப்புறம் காவல் நிலையத்துக்குப் போவது துரோகம். அதே சட்டப்படி 18 வயது ஆகாதவரின் சம்மதம் சம்மதமாகக் கணக்கில் வராது. அந்தப் பெண் விரும்பித்தான் வந்தாள் என்று பையன் சொல்வது வழக்கில் எடுபடாது. பையன்கள் முகம் மாறும். பரவாயில்லை, வழக்கு வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இது மேல். நேரில் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்குப் பேர் எழுதாமல் சீட்டுப் போட ஒரு பழைய அட்டைப் பெட்டி வையுங்கள். பெட்டியை நீங்கள் மட்டும் திறங்கள்.

இனி பயிற்சிகள். என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கு மிகக் கடினமானது 'வேண்டாம்' என்று சொல்வது இல்லை, 'வேண்டாம்' என்பதைக் கேட்டுக்கொள்வது. அதனால் பாதி நேரம் அதற்குத்தான் ஒதுக்குகிறேன்.

இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கச் சொல்லுங்கள். முதலில் பெண்கள் பெண்களோடு, பையன்கள் பையன்களோடு. ஒரு வரிசை மெதுவாக நடந்து வரும். எதிரே நிற்பவர் தனக்கு இதுக்கு மேல் வேண்டாம் என்று தோன்றும் இடத்தில் கையைக் காட்டி "நில்" என்பார். நடப்பவர் அங்கேயே நிற்க வேண்டும். இரண்டாவது முறை வாயும் கையும் கிடையாது, முகத்தை மட்டும் பார்த்து நிற்க வேண்டும். மூன்றாவது முறை, "நில்" என்றதும் நடந்து வந்தவர் "சரி" என்று சொல்லித் திரும்பிப் போக வேண்டும். இந்த மூன்றாவதில்தான் சிரிப்பு, முறைப்பு, இன்னும் ஓர் அடி எடுத்து வைப்பது எல்லாம் நடக்கும். அவசரப்படாதீர்கள். "ஏன் உடனே திரும்ப முடியல?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அவர்களே பேசுவார்கள்.

அப்புறம் நாடகம். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய ஒரு முறை உண்டு: பார்க்கிறவர் "நிறுத்து" என்று சொல்லி எழுந்து வந்து, நடிப்பவருடைய இடத்தில் நின்று கதையை மாற்றலாம். எங்களுடைய கதை எப்போதும் பஸ் நிறுத்தம்தான். பிளஸ் டூ பெண் ஒருத்தி 'விருப்பமில்லை' என்று சொல்லிவிட்டாள். பையன் மறுநாளும் நிற்கிறான். கூட இருக்கிற நண்பன், "மச்சான், பொண்ணுங்க முதல்ல அப்படித்தான்டா சொல்லும், விடாத" என்கிறான். நிறுத்தச் சொல்லி வருகிறவர்கள் முதலில் அந்தப் பெண்ணின் இடத்துக்குத்தான் வருவார்கள்; அவள் திட்ட வேண்டும், செருப்பைக் காட்ட வேண்டும் என்பார்கள். "அந்த நண்பன் இடத்துக்கு யாரும் வரலையா?" என்று நீங்கள் கேளுங்கள். தலைமைப் பண்பு என்று நான் சொல்வது இங்கேதான் ஆரம்பிக்கிறது: "வாடா, போதும், அவ சொல்லிட்டா" என்று தோளில் கை போட்டுக் கூட்டிப் போகிற துணிச்சல். முடிந்ததும் சட்டத்தைச் சொல்லுங்கள். ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம்.

போனுக்குத் தனியாக ஒரு ஞாயிறு வேண்டும். பாஸ்வேர்டு கேட்பது, "ஏன் ஆன்லைன்ல இருந்த, யார்கூடப் பேசின" என்று குடைவது, இதையெல்லாம் பிள்ளைகள் அன்பு என்றே நம்புகிறார்கள். அதைப் பொறுமையாகப் பேசுங்கள். படத்தை வைத்து மிரட்டினால் செய்ய வேண்டியது: பணம் கொடுக்காதே, உரையாடலை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடு, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல், இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடு. 18 வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவை உண்டு. படத்தை எங்கும் அனுப்பத் தேவையில்லை. போனிலேயே அதற்கு ஓர் அடையாளக் குறி உருவாகி, அந்தக் குறி மட்டும் சமூக ஊடக நிறுவனங்களுக்குப் போகும்.

பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு பெண், ஒரு பையன். சாவி வாங்குவது, பாய் விரிப்பது, நேரம் பார்ப்பது, பேசாமல் இருக்கிறவரைப் பேசக் கூப்பிடுவது எல்லாம் அவர்கள் வேலை. பையன் டீ கொடுக்கட்டும், பெண் கணக்கு எழுதட்டும். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் பக்கத்துக் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடம் கேளுங்கள், மாணவர்களை அனுப்புவார்கள்.

சுவரில் ஒரு சார்ட் ஒட்டுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனம் தாங்காதபோது 14416, இணையக் குற்றங்களுக்கு 1930. எண்ணை எழுதினால் மட்டும் போதாது. ஒருவர் அழைப்பவர், ஒருவர் எடுப்பவர் என்று நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: எந்த ஊர், எத்தனை வயது, இப்போதே ஆபத்தா. பயத்தில் வாய் வராதபோது இந்தப் பழக்கம் உதவும். குழந்தைத் திருமணம் நடக்கப் போகிறது என்றாலும் 1098 தான். பிளஸ் டூ முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு எடுக்கிற வீட்டில், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதைச் சொல்லுங்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. அப்பாக்கள் இதைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

கடைசி ஞாயிறு பிள்ளைகளே ஒரு மனு எழுதட்டும். பஸ் நிறுத்தத்தில் விளக்கு, பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர், எது அவர்களை உறுத்துகிறதோ அது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஓட்டு உள்ளவர்கள்தான் அதில் உறுப்பினர்கள். அதனால் குழுவில் 18 முடிந்த ஒருவர் மனுவை வாசிக்கட்டும், மற்றவர்கள் கூட நிற்கட்டும். தீர்மானப் பதிவேட்டில் அது எழுதப்பட்டதா என்று பார்த்த பிறகு எல்லோரும் கிளம்பலாம். வேலை நடக்கவில்லை என்றால் அடுத்த சபையில் அந்தத் தேதியையும் தீர்மான எண்ணையும் சொல்லிக் கேட்க வேண்டும். அதைக் கேட்கப் போவது யார் என்பதையும் அன்றே பேசி முடிவு செய்துவிடுங்கள்.