ஃப்ளை ராடு வாங்கப் போகிறீர்களா? முதலில் நரம்பை எடை போடுங்கள்

கிருஷ்ணகிரி அணையில் தக்கையும் மண்புழுவும் போட்டு ஜிலேபி பிடித்துப் பழகியவன் நான். ஃப்ளை ராடு, அதாவது போலிப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கோல், வாங்கிய முதல் ஒரு மாதம் தூண்டில் நரம்பு என் காலடியிலேயே சுருண்டு விழுந்தது. ஏன் என்று கண்டுபிடித்த பிறகு இதை எழுதுகிறேன். முள் கட்டுவதும் ரீலில் நரம்பு சுற்றுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது இறகும் நூலும் சுற்றிய முள், அதற்குக் கனமே கிடையாது. அதனால் இங்கே நரம்புதான் கனம். மேலே பிளாஸ்டிக் பூசி, தடிமனாக இருக்கும். அந்தக் கனம் ராடை வளைக்கிறது. வளைந்த ராடு நிமிரும்போது நரம்பு பறக்கிறது, ஃப்ளை அதன் பின்னால் போகிறது.

படி 1: எந்த மீன்?

ராடில் கைப்பிடிக்கு மேலே ஓர் எண் இருக்கும். அது ராடின் எடை அல்ல, எந்த எடையுள்ள நரம்புக்காகச் செய்தது என்பதைச் சொல்லும் எண். ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் 5 போதும். விராலுக்கு 8 வேண்டும், பெரிய ஃப்ளையை வீசவேண்டும், பாசிக்குள் ஓடும் மீனை இழுத்து நிறுத்தவேண்டும். ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்றால் 6 வாங்குங்கள். அணைக்கரையில் காற்று எழும்பினால் 5-ஐ விட 6 நன்றாக நிற்கும்.

படி 2: நரம்பு ராடுக்குப் பொருந்துகிறதா?

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ராடு, ரீல், நரம்பு எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாக இணையத்தில் வாங்கினேன். ராடில் 8 என்று போட்டிருந்தது. நரம்பில் எந்தச் சீட்டும் இல்லை. சேர்த்து விற்கிறார்களே, பொருந்தித்தானே இருக்கும் என்று நம்பிவிட்டேன். தினமும் சாயங்காலம் மாந்தோப்புக்குப் பக்கத்துக் காலி நிலத்தில் வீசிப் பார்த்தேன். தோள் வலித்ததுதான் மிச்சம், ராடு வளையவே இல்லை.

நரம்பின் எண் எப்படி வருகிறது என்று தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நரம்பின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதே கணக்கு. 5-ம் எண் 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். 6-ம் எண் 160 கிரெயின், 10 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. 8-ம் எண் 210 கிரெயின், 13.6 கிராம்.

மாமாவின் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 9 கிராம் காட்டியது. 8-ம் எண் ராடுக்கு 5-ம் எண் நரம்பு! சரியான நரம்பு வாங்கிப் போட்ட அன்றே 40 அடி போனது. அந்தச் சாயங்காலத்தை நான் மறக்க மாட்டேன்.

நீங்களும் இப்படியே செய்யுங்கள். நுனியில் ஒரே தடிமனாக ஒல்லியாக இருக்கும் துண்டை விட்டுவிட்டு 30 அடி அளந்து, அந்தப் பகுதியை மட்டும் சுருட்டித் தராசில் வையுங்கள். மீதி நரம்பு தட்டைத் தொடக்கூடாது. பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு போதும்.

நரம்பு உறையில் 'டபிள்யூ எஃப் 6 எஃப்' என்று இருந்தால், முன்பக்கம் கனமானது, 6-ம் எண், மிதப்பது என்று பொருள். தொடங்குகிறவர்களுக்கு அதுவே சரி. காசு குறைவாக இருந்தால் ராடில் குறைத்துக்கொள்ளுங்கள், நரம்பில் குறைக்காதீர்கள்.

படி 3: மற்றவை

நீளம் 9 அடி, 4 துண்டு. பஸ்ஸில் கொண்டுபோக அதுதான் வசதி. ரொம்ப விறைப்பான ராடு வேண்டாம், நடுத்தரமாக வளைவதை எடுங்கள். அப்போதுதான் நரம்பின் கனம் கைக்குத் தெரியும். ரீல் இந்த அளவு மீனுக்கு நரம்பைச் சுற்றி வைக்கும் பெட்டிதான், சாதாரணமானது போதும்.

வீசும் முன் தலைக்கு மேலே பாருங்கள். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். தோப்போரம் மோட்டாருக்குப் போகும் கம்பிக்குக் கீழே நின்று ஒருபோதும் வீசக்கூடாது.

இடத்தையும் கேட்டுக்கொண்டு போங்கள். பாரூர் ஏரியோ அணையோ, மீன்பிடி உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்கவேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரியோரக் காடுகள் 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டன. அதற்குள் தூண்டிலோடு போகவே வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு நண்பர், தன் 5-ம் எண் நரம்பு 10 கிராம் காட்டுகிறது, ஏமாந்துவிட்டோமா என்று கேட்டார். இல்லை. இப்போது பல நரம்புகளை அரை எண், ஒரு எண் கூடுதல் கனமாகவே செய்கிறார்கள். 20 அடிக்குள் வீசுகிறவருக்கு அது நல்லதுதான், கொஞ்ச நரம்பு வெளியே இருக்கும்போதே ராடு வளையும். அரை கிராம், ஒரு கிராம் கூடினால் கவலைப்படாதீர்கள். என்னுடையது போல நாலு கிராமுக்கு மேல் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.