அம்மம்மாவின் சேர்விலக்கம்: மகளைப் பழைய மாணவிகள் சங்கத்தில் சேர்ப்பது எப்படி

எங்கள் வீட்டில் அம்மம்மா, அம்மா, நான், மகள் என்று நாலு தலைமுறையும் ஒரே பள்ளிக்குப் போனவர்கள். திருகோணமலையில் இது பெரிய அதிசயமில்லை. ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி 1923இல் தொடங்கியது, மிஷன் பள்ளிகள் அதற்கும் பழையவை. ஆனால் நாலு பேரில் பழைய மாணவிகள் சங்கப் பட்டியலில் இருந்தது என் பெயர் மட்டும்தான். போன வருடம் மகளைச் சேர்க்கப் போன இடத்தில்தான் அது தெரியவந்தது. சரி, எல்லாரையும் ஒன்றாகச் சேர்ப்போம் என்று தொடங்கி ஆறு மாதம் அலைந்தேன். உவர்மலையில் பக்கத்து வீட்டு அக்கா தன் மகளுக்காக விபரம் கேட்டபோது வாயால் சொல்லி முடியவில்லை, எழுதிக் கொடுத்தேன். அதுதான் இது.

முதலில் சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் விதிகள் எழுதிய கொப்பியை, வாங்கிப் படியுங்கள். செயலாளரிடம் கேட்டால் போட்டோக்கொப்பி தருவார். எத்தனை வருடம் படித்திருக்க வேண்டும், ஆயுட்கால அங்கத்துவம் உண்டா, வருடச் சந்தா மட்டுமா என்பதெல்லாம் சங்கத்துக்குச் சங்கம் வேறு. அக்காமார் வாட்ஸ்அப்பில் சொல்வதை நம்பிக் காசு கட்ட வேண்டாம்.

அடுத்தது பள்ளிச் சேர்விடாப்பு, அதாவது சேர்ந்த பிள்ளைகளை ஒவ்வொருவருக்கும் ஒரு சேர்விலக்கம் போட்டுப் பதியும் புத்தகம். வேலை முழுக்க அங்கேதான். பள்ளியை விட்டு விலகும்போது தரும் விடுகைப் பத்திரம் கையில் இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். அம்மாவினுடையது 1990 யுத்த இடம்பெயர்வில் பெட்டியோடு போய்விட்டது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு இதே கதைதான். அப்படியானால் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதி, இடாப்பில் பெயர் தேடித் தரக் கேளுங்கள். கடிதத்தில் இப்போதைய பெயரை மட்டும் எழுதினால் கிடைக்காது. அம்மாவை அப்பாவின் பெயரோடுதான் எல்லாருக்கும் தெரியும். இடாப்பில் இருப்பதோ தாத்தாவின் பெயரோடு. தகப்பன் பெயர், பிறந்த திகதி, படித்த காலத்து வீட்டு விலாசம் மூன்றையும் எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், இடாப்பில் ஒரு பெயர் என்று வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்தால் போதும். அம்மாவுக்கு அப்படித்தான் செய்தோம்.

அம்மம்மாவுடையதுதான் இழுத்தது. பழைய இடாப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ப் பெயரை எழுதியவர் காதுக்குப் பட்டபடி எழுதியிருப்பார். கனகம்மா என்ற பெயரை 'க'வுக்குரிய K, C என்ற இரண்டு ஆங்கில எழுத்திலும் தேட வேண்டும் என்பது எங்களுக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது. அலுவலகத்தில் இருந்த எழுதுவினைஞர் தங்கச்சி பொறுமைசாலி. தடித்த அட்டை போட்ட புத்தகம், கடல் காற்றில் ஊறி ஓரமெல்லாம் தவிட்டு நிறம், ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகள். ஒவ்வொரு தாளையும் அடியில் கை கொடுத்துத்தான் திருப்பினாள். வரி கிடைத்தது: சேர்விலக்கம், தகப்பன் பெயர், தொழில் என்ற இடத்தில் டொக்யாட் கிளார்க், அதாவது துறைமுகக் கப்பல் தளத்து எழுதுவினைஞர். விலகிய திகதி 1942 ஏப்ரல்.

அம்மம்மாவுக்கு அப்போது 10 வயது. நான்காம் வகுப்போடு நின்றவரா இவர்? எனக்குக் குழப்பமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஜப்பான்காரன் குண்டு போட்டவன் பிள்ளை. தம்பலகாமத்துக்கு ஓடினாங்கள். திரும்பி வந்து பிறகும் படிச்சனான்."

1942 ஏப்ரல் 9 அன்று துறைமுகத்தில் விழுந்த குண்டுகள் அம்மம்மாவின் வரியையும் வெட்டியிருக்கின்றன. திரும்பி வந்தபோது புது இலக்கம் போட்டுப் புது வரியில் எழுதியிருக்கிறார்கள். 1944 பக்கத்தில் கிடைத்தது. ஆகவே ஒரு வரி கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். 1942, 1983, 1990 போல ஊர் ஓடிய வருடங்கள் குறுக்கே வந்தால் மீளச் சேர்ந்த வரியையும் தேடுங்கள். எத்தனை வருடம் படித்தார் என்ற கணக்குக்கு இரண்டும் வேண்டும். என் வரியிலும் 1990இல் ஒரு வெட்டு இருக்கிறது. மகளின் வரியில் வெட்டே இல்லை, தரம் 1இலிருந்து உயர்தரம் வரை ஒரே ஓட்டம்.

காசு கட்டும்போது பற்றுச்சீட்டு யார் பெயரில் என்று அங்கேயே பாருங்கள். அம்மா எப்போதோ காசு கொடுத்ததாகச் சொல்கிறார், தோழி கையில் கொடுத்து விட்டாராம். பற்றுச்சீட்டு இல்லை, பட்டியலிலும் இல்லை. யாரைக் குறை சொல்வது? திரும்பக் கட்டினோம்.

இனி மகள் விடயம். பொதுக்கூட்டத்துக்கு முதலில் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கணக்கறிக்கையும் யாப்புத் திருத்தமும் கேட்டால் பிள்ளை அடுத்த வருடம் பக்கமே வராது. என் மகள் "எனக்கு ஏனம்மா இது, எங்கட பட்ச்சுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்குத்தானே" என்றுதான் நின்றாள். வாணி விழாவுக்குக் கடலை அவிக்க ஆள் போதாது என்று கூட்டிப் போனேன். அங்கே அங்கத்தவர் பட்டியல் மூன்று கொப்பிகளில், மூன்று கையெழுத்தில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "இதை எக்செல்லில போட்டுத் தரட்டா அன்ரி?" என்று அவளாகவே கேட்டாள். அதோடு அவள் சங்கத்துக்காரி. பாட்டி பெருமை பேசி இழுத்திருந்தால் வந்திருக்க மாட்டாள் என்பது என் எண்ணம்.

பாட்டி படித்த பள்ளி என்றால் தரம் 1இல் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். தரம் 1 அனுமதியில் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 100க்கு 25 இடம் என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை ஒதுக்குகிறது. அருகில் குடியிருப்பவர்களுக்கு 50, அங்கே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு 15. பழைய மாணவர் என்பது தாய் தகப்பன்தான். அம்மம்மா படித்தது பெருமைக்கு உதவும், அனுமதிக்குப் போடும் புள்ளிக்கு உதவாது. அந்த வருடத்துச் சுற்றறிக்கையைப் பார்த்தே விண்ணப்பியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்காவின் மகள், "அம்மா படிச்சவதானே, நானும் உங்கட சங்கத்தில சேரலாமா சித்தி?" என்று கேட்டாள். அங்கே பல்கலைக்கழகங்களில் சொரோரிட்டி என்று பெண்களுக்குச் சங்கங்கள் உண்டு. தாயோ பாட்டியோ அங்கத்தவராக இருந்தால் பிள்ளையை லெகசி என்பார்களாம். ஒரே சங்கத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் கிளை இருப்பதால், தாய் படித்த இடத்திலேயே மகளும் படிக்க வேண்டியதில்லை. 1908இல் வாஷிங்டனில் உள்ள ஹோவார்ட் (Howard) பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய அல்பா கப்பா அல்பா போன்றவற்றில் இது தலைமுறை தலைமுறையாக வருகிறது. நம் ஆட்களுக்கென்று 1998இல் ஹூஸ்டனில் தெற்காசியப் பெண்கள் தொடங்கிய டெல்டா பை ஒமேகாவும் இருக்கிறது. லெகசி என்பதற்காக இடம் நிச்சயமில்லை, சில சங்கங்கள் அந்தச் சலுகையையே எடுத்துவிட்டன. எங்கள் சங்கத்தில் அந்தப் பேச்சே கிடையாது, இடாப்பில் உன் பெயர் இருக்க வேண்டும் என்றேன். பிள்ளைக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

கடைசியாக அம்மம்மாவுக்குப் படிவம் நிரப்பினோம். வயது 93. ஆயுட்கால அங்கத்துவம் என்று வாசித்துக் காட்டியதும், "ஆயுட்காலம் எண்டால் எத்தினை மாசம் பிள்ளை?" என்றார். பொருளாளர் சிரித்துவிட்டு, உங்களிடம் காசு வேண்டாம் அம்மா என்றார். அம்மம்மா விடவில்லை. இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்து, பற்றுச்சீட்டில் இரண்டு சேர்விலக்கத்தையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் எழும்பினார்.