மரத்தளத்தின் மீது டைல்ஸ் பதிக்கும் முன்

கனடா, அமெரிக்க வீடுகளில் தரை பெரும்பாலும் மரச்சட்டங்களின் மேல் பிளைவுட் அடித்து அமைக்கப்படுவதால், கோடையின் ஈரப்பதத்தில் விரிந்து குளிர்கால உலர்காற்றில் சுருங்கும். டைல்ஸோ துளியும் வளையாது. ஆகவே பாரம் ஏறும்போது, சட்டத்தின் இரு தாங்கல்களுக்கு இடைப்பட்ட நீளத்தில் 360இல் ஒரு பங்குக்கு மேல் தளம் தாழக் கூடாது. பளிங்கு போன்ற இயற்கைக் கல்லுக்கு 720இல் ஒரு பங்கே வரம்பு.

பழைய விரிப்பை நீக்கியதும், குதிகாலை அழுத்தி அறை முழுவதும் நடந்து பாருங்கள். கிறீச்சென்று ஒலிக்கும் இடத்தில் ஆணி தளர்ந்திருக்கும். அங்கே சட்டத்தைப் பிடிக்கும்படி திருகாணி இறக்க வேண்டும். கழிப்பறைப் பீங்கானைச் சுற்றிக் கறுத்து, ஸ்க்ரூடிரைவரின் முனை பொதபொதவென்று இறங்கும் பலகையைத் தயங்காமல் வெட்டி எடுத்துவிடுங்கள். 10 அடி நீளத்தில் மேடுபள்ளம் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது; பெரிய டைல்ஸுக்கு அரைக்கால் (1/8) அங்குலம்.

அடுத்தது, பிளைவுட்டின் மேல் டைல்ஸுக்கு அடித்தளமாகப் பதிக்கும் கால் அங்குல சிமெண்ட் பலகையான சிமெண்ட் போர்டு. அதை வெறுமனே திருகிவிடுவோர் பலர். அடியில் ஒட்டும் கலவையைப் பல் போன்ற விளிம்புள்ள கரணையால் பரப்பினால்தான் வெற்றிடம் நிற்காது. பிளைவுட்டின் இணைப்புகளோடு ஒரே கோட்டில் வராதபடி மாற்றி வைத்து, போர்டுகளுக்கிடையே அரைக்கால் அங்குலமும் சுவரோரம் கால் அங்குலமும் விட்டு, 8 அங்குலத்துக்கு ஒன்றாகத் துருப்பிடிக்காத திருகாணிகளை முடுக்குங்கள். போர்டுகளின் இடைவெளிகளில் கலவையை அடைத்து, சிமெண்டின் காரத்தன்மையைத் தாங்கும் வலைநாடாவைப் பதியுங்கள். சுவரோர இடைவெளியை மட்டும் காலியாகவே விட வேண்டும்.