முன்பல்லை உயர்த்தும் மினி ஸ்க்ரூ: எங்கே பிசகுகிறது?

மினி ஸ்க்ரூ என்பது, பல் சீரமைப்பில் பல்லை இழுப்பதற்குப் பிடிமானமாகத் தாடை எலும்பில் முறுக்கும் சிறு திருகு. அதைக் கொண்டு முன்பல்லை எலும்புக்குள் ஏற்றுவதில் முதல் தவறு, ஸ்க்ரூவைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை முக்கால்வாசி மறைத்திருந்தால், மேற்பற்களை ஏற்றிவிட்டால் போதும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பல்லைப் பார்ப்பதற்கு முன் உதட்டைப் பார்க்க வேண்டும். வாய் தளர்ந்திருக்கையில் மேல் முன்பல் 2 முதல் 4 மி.மீ. வரை தெரிவது இயல்பு. அவ்வளவே தெரிகிறவருக்கு மேற்பல்லை ஏற்றினால் கடி, அதாவது மேல், கீழ்ப்பற்கள் பொருந்தும் விதம், சரியாகும். ஆனால் முகத்தில் முதுமை தட்டிவிடும். அவருக்குக் கீழ் முன்பற்களை இறக்குவதா, கடைவாய்ப் பற்களை எழுப்புவதா என்றுதான் யோசிக்க வேண்டும்.

அடுத்தது விசை. எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். ஸ்க்ரூ அசையாது என்ற தைரியத்தில் இழுவையைக் கூட்டுகிறார்கள். ஸ்க்ரூ தாங்கும், வேர் தாங்காது. பல்லை எலும்புக்குள் ஏற்றும்போது அழுத்தம் முழுவதும் வேரின் நுனியில் போய்க் குவிகிறது. ஒரு பல்லுக்கு 10 முதல் 20 கிராம் போதும். பல்லில் மாட்டிய கம்பியை ஸ்க்ரூவோடு இணைக்கும் புதுச் சங்கிலி ரப்பரைக் கண்ணளவில் இழுத்து மாட்டினால் இதைப் போலப் பல மடங்கு ஏறிவிடும். விசைமானியால் அளந்தே மாட்ட வேண்டும். இடையிடையே எக்ஸ்ரே எடுத்து வேர்நுனியைப் பார்க்க வேண்டும். கரைந்து குட்டையான வேர் மீண்டும் வளராது. 1983-இல் கிரீக்மோர், எக்லண்ட் என்ற பல் மருத்துவர்கள் ஒற்றைத் திருகைக் கொண்டு மேல் முன்பற்களை 6 மி.மீ. உயர்த்தியதற்கே ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

விசையின் திசையும் ஏமாற்றும். கம்பி பல்லின் முன்புறம் இருக்கிறது. பல்லின் தடைமையமோ (விசை அதன் வழியே சென்றால் பல் சாயாமல் நகரும் புள்ளி) பின்னால், வேருக்குள். ஆகவே மேலே இழுத்தால் பல் முன்னோக்கியும் சாயும். கடி திறந்ததுபோலத் தெரிவதில் பாதி வெறும் சாய்வாக இருக்கலாம். உட்சாய்ந்த பல்லுக்கு அது நல்லது. நேராக நிற்கும் பல்லுக்கோ, அது முன்சாயாமலிருக்க, கம்பியின் முனையைக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் மடக்கிக் கட்ட வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, உதட்டோடு சேர்ந்து அசையும் மெல்லிய சவ்வில் ஸ்க்ரூவைப் போட்டால், சிவந்து வீங்கிய சதை அதன் தலையை மூடிவிடும். அசையாத ஈறே பாதுகாப்பு. மரப்பு மருந்தைக் குறைவாகப் போடுங்கள். திருகும்போது சுரீரென்று வலித்தால் வேர் அருகில் இருக்கிறது என்று பொருள், உடனே நிறுத்தலாம்.

ஆடத் தொடங்கிய ஸ்க்ரூவைச் சிலர் இன்னும் இரண்டு சுற்று முறுக்கிவிட்டு அதிலேயே ரப்பரை மாட்டுகிறார்கள். அதைக் கழற்றிவிட்டு, அருகில் புதிய எலும்பில் வேறொன்றைப் போடுவதே சரி.